வாய்ச்சொல்லும் வாடகை ஒப்பந்தமும்

கோவில் மதிலோரம் கட்டப்பட்ட கடைகள் நம் பங்குகள் பலவற்றிற்கு உண்டு. அவற்றின் வாடகையில் ஆலய விளக்கு எரிகிறது. உபதேசியார் ஊதியம் பெறுகிறார். அக்கடைகளில் இருப்போருக்கு நாம் கடமைப்பட்டிருப்பது என்ன என்பதைப் பங்குப் பேரவைகளில் பேசி நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன்.

2012ஆம் ஆண்டில் நான் பணியாற்றிய பங்கில் அத்தகைய கடைகள் ஐந்து இருந்தன. ஒன்றில் தையற்காரர் ஒருவர் 28 ஆண்டுகளாகத் தொழில் செய்துவந்தார். முன்னாள் பங்குத்தந்தை ஒருவர் வாய்மொழியாகக் கொடுத்த இடம். ஒப்பந்தம் ஏதும் இல்லை. வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை. பழைய கடைகளை இடித்துவிட்டு வணிக வளாகம் எழுப்பப் பேரவை விரும்பியது. வழக்கறிஞரைக் கேட்டோம். "கோவில் கட்டடம்தானே சாமி, பதினைந்து நாள் நோட்டீஸ் போதும்" என்றார்.

சட்டப்படி அவர் கூற்று சரியே. தமிழ்நாட்டில் அன்று நடைமுறையில் இருந்த 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், வேண்டுமென்றே வாடகை செலுத்தாமை, உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளரின் சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் போன்ற காரணங்களுள் ஒன்றை அதற்குரிய அதிகாரியின் முன் நிறுவாமல் எவரையும் வெளியேற்ற இடந்தரவில்லை. ஆனால் 1976ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று, இந்து, கிறிஸ்தவ, இசுலாமியப் பொது அறநிலையங்களின் கட்டடங்களுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்களித்தது. பின்னர் உச்ச நீதிமன்றமும் அவ்விலக்கை ஏற்றது. ஆகவே நம் தையற்காரருக்கு எஞ்சியவை இரண்டே: 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் தரும் பதினைந்து நாள் அறிவிப்பு, நீதிமன்றத் தீர்ப்பின்றி வலுவந்தமாக வெளியேற்றப்படாமை.

சட்டம் நம்மைக் கட்டாத இடத்தில் நம்மைக் கட்டுவது எது? கூலியைப் பற்றி எழுதிய திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர், இரு தரப்பாரும் மனமுவந்து ஒப்புக்கொண்டது மட்டும் போதாது, அவ்வொப்புதலுக்கும் முந்திய இயற்கை நீதி ஒன்று உண்டு என்று 1891இலேயே கற்பித்தார். கூலிக்குப் பொருந்துவது வாடகைக்குப் பொருந்தாதா? லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில், நிலம் ஆண்டவருக்கே உரியது என்றும், இஸ்ரயேலர் அதில் அந்நியராய்த் தங்கியிருப்போர் என்றும் படிக்கிறோம். (சில ஆண்டுகளுக்கொருமுறை மாறுதல் கடிதம் பெறும் பங்குத்தந்தைக்கு இதை எவரும் விளக்கத் தேவையில்லை.)

ஓராண்டு அவகாசமும் புதிய கட்டடத்தில் ஓர் அறையும் தருவதாக அவரிடம் நேரில் சென்று சொன்னேன். அவர் நன்றி சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, "சாமி வாக்கு பெரிசுதான். ஆனா நீங்க மாறிப் போயிருவீங்களே. ஒரு தாள்ல எழுதிக் குடுத்திருங்க சாமி" என்றார்.

என் மனம் சற்றுப் புண்பட்டது உண்மை. இரவெல்லாம் எண்ணிப் பார்த்தபோது, அவர் கேட்டது நியாயமே என்று பட்டது. வாய்ச்சொல்லாக நிற்கும் இரக்கம், கொடுத்தவன் கையிலேயே இருக்கிறது. அவன் இடம் மாறினால், மனம் மாறினால், பெற்றவன் மீண்டும் கைகூப்பி நிற்க வேண்டும். இத்தனை காலம், எவ்வளவு வாடகை, இன்ன காரணத்திற்கன்றி வெளியேற்றம் இல்லை என எழுதிக் கையொப்பமிட்டபின் அவன் நிமிர்ந்து பேசலாம். வாடகை ஒப்பந்தம் உரிமையாளரின் ஆயுதம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பதிவுக் கட்டாயத்தைத் தவிர்க்கப் பதினொரு மாதத்திற்கு அவர்களே எழுதிவந்த தாள்களைத்தானே கண்டிருக்கிறோம்! 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவும் வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யப்படவும் வேண்டும் என்கிறது. ஒப்பந்தம் செய்துகொள்ளாமையையே வெளியேற்றத்திற்கு ஒரு காரணமாகவும் வைத்திருக்கிறது. வாய்ச்சொல்லை நம்பியிருக்கும் எளியவருக்கே இதனால் இழப்பு மிகுதி.

"கோவில் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை" என்று பேரவைச் செயலர் மறுத்தார். ஆயினும் எழுதினேன், பங்கு முத்திரையும் இட்டேன். அடுத்த மே மாதம் எனக்கு மாறுதல் வந்தது. வளாகம் முடிந்ததும், பின்வந்த பங்குத்தந்தை அத்தாளை மதித்து அவருக்கு அறை கொடுத்தார். ஆனால் வாடகை எவ்வளவு என்பதை நான் அதில் எழுதத் தவறியிருந்தேன். புதிய வாடகை பழையதைப்போல் நான்கு மடங்கு. ஒன்றரை ஆண்டு தாக்குப்பிடித்துவிட்டு, தையற்காரர் தாமாகவே சாவியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாராம்.