வளைந்த அம்பும் நேரான நிய்யத்தும்

"நிய்யத் சரியாக இருந்தால் போதும், மற்றதை அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று நம்மில் பலர் சொல்லக் கேட்கிறோம். செயல்கள் யாவும் எண்ணத்தைப் பொறுத்தே அமைகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் நல்ல எண்ணம் இருந்துவிட்டால் பயிற்சி தேவையில்லை என்று ஆகிவிடுமா? வேட்டைக்காரனின் அம்பைக் கொண்டு இதைச் சற்றுச் சிந்திப்போம்.

'மிஃராள்' என்பதை இறகில்லா அம்பு என அறிஞர் பலர் விளக்குவர். அதனால் வேட்டையாடுவது பற்றி அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். கூர்முனை பாய்ந்து இறந்ததை உண்ணலாம். அகலப் பக்கம் பட்டு இறந்தால் அது அடிபட்டுச் செத்ததாகும், உண்ணலாகாது என நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள்.

கவனியுங்கள்! எய்தவர் ஒருவரே. பிஸ்மில்லாஹ்வும் சொல்லியாயிற்று. எனினும் அம்பு போய்ப் பட்ட விதத்தால் ஒன்று ஹலால், மற்றொன்று ஹராம்.

நாணை விட்ட கணத்தில் அம்பின் தண்டு நெளிந்து, பிறகே நிமிர்ந்து பறக்கிறது. வில்லின் வலிமைக்குத் தண்டு அதிகம் துவண்டாலும் விலகும். அதிகம் விறைத்தாலும் விலகும். அதனால்தான் வில்லாளிகள் மூங்கில் தண்டை நெருப்பில் வாட்டி நிமிர்த்தினர். பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்து இறகெடுத்து ஒட்டினர். இன்றைய வில்லாளிகள் இறகில்லா வெறுந்தண்டையும் எய்து, இறகுள்ள அம்போடு ஒப்பிடுகிறார்கள். இறகு குறையை மறைத்துவிடும், வெறுந்தண்டு மறைக்காது. நம் அமல்களையும் இப்படிச் சோதித்துப் பார்த்தால் என்ன?

இத்தனை சிரமம் ஏன்? அறுக்கும்போது கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு எளிதாக்குங்கள் என்பது நபிமொழியின் கருத்து. பழகாத கை எய்த அம்பு மானின் வயிற்றில் தைத்தால், அது புதருக்குள் ஓடி நெடுநேரம் துடித்தே சாகும். 'நான் நல்லெண்ணத்துடன்தான் எய்தேன்' என்ற சமாதானம் அந்த வாயில்லா ஜீவனுக்கு என்ன ஆறுதல் தரும்?

முயன்று பழகியும் தவறியவன் வேறு. பழகாமலே துணிந்தவன் வேறு. முன்னவன் மன்னிப்பை ஆதரவு வைக்கலாம். பின்னவன் பிற உயிரின் அமானத்தோடு விளையாடியவன்.

எகிப்தின் ஆளுநராக இருந்த உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் முதுமையிலும் இரு இலக்குகளுக்கிடையே நடந்து அம்பெய்து பழகினார்கள். 'இந்த வயதில் இத்தனை சிரமமா?' எனக் கேட்டவரிடம், அம்பெய்யக் கற்றுப் பின் அதைக் கைவிட்டவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததைக் கேட்டதாலேயே இச்சிரமத்தை ஏற்பதாகக் கூறினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

நம்மில் பெரும்பாலோர் வில்லைத் தொட்டதில்லை. ஆனால் சிறுவயதில் ஓதக் கற்ற குர்ஆனை மறந்தவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! நோயாளியைத் தொடும் மருத்துவரும், பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் உஸ்தாதும், தராசைப் பிடிக்கும் வணிகரும் தத்தம் அம்பைத் தினமும் நிமிர்த்த வேண்டியவர்களே. உண்மையான நிய்யத்துக்கு அடையாளம் அந்த உழைப்புத்தான்.

எண்ணத்தையும் செயலையும் சேர்த்தே செம்மையாக்கிக்கொள்ள வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.