கழுவெளி நிலமும் கப்பலின் ஓட்டையும்



அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஓர் உவமை கூறினார்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி ஷரீபில் பதிவானது அது. ஒரு கப்பலில் சிலருக்கு மேல்தட்டும் சிலருக்குக் கீழ்த்தட்டும் சீட்டில் விழுந்தன. கீழே இருப்பவர்கள் தண்ணீர் மொள்ள மேலே ஏறி வர வேண்டும். அடிக்கடி ஏறி வந்து மேலே இருப்பவர்களுக்குத் தொல்லை கொடுப்பானேன், நமக்குரிய பகுதியிலேயே ஓர் ஓட்டை போட்டுக் கொள்வோமே என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டால் கப்பலில் உள்ள அனைவரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் பிழைப்பார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஓட்டை போட நினைத்தவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. அவர்களுடைய நிய்யத்து கூட நல்லதுதான். இடமும் அவர்களுடையதுதான். ஆனால் தண்ணீருக்கு மேல்தட்டுக்காரன், கீழ்த்தட்டுக்காரன் என்ற பேதம் தெரியாதே!

சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணை என்றொரு சதுப்பு நிலம் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பழைய குடிமக்கள் அதைக் கழுவெளி என்பார்கள். தென்சென்னையின் எத்தனையோ ஏரிகள் நிரம்பி வழியும் நீர் அங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேருகிறது. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழைக்கு அதுதான் வடிகால். ஒரு காலத்தில் 50 சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்திருந்த அந்தக் கழுவெளியில் இன்று மிஞ்சியிருப்பது மிகச் சிறு பங்கே. குப்பை மேடும், சாலைகளும், அடுக்குமாடிகளும் மற்றதை விழுங்கிவிட்டன. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பகுதிகளில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடித்தானே வந்தது?

2022ல் இந்தச் சதுப்பு நிலத்தில் சுமார் 1,248 ஹெக்டேர், ராம்சர் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகும் பெரும்பாக்கம் பக்கம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்புக்கு அனுமதி தரப்பட்டது என்று எதிர்ப்பு எழுந்தது. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், ஆய்வு முடியும்வரை அந்த ஈர நிலத்திலும் அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டுமான அனுமதி வழங்கக் கூடாதென்று உத்தரவிட்டது. அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றமும் அந்தக் குடியிருப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது.

“பட்டா இருக்கிறது, அரசாங்க அனுமதி இருக்கிறது, பிறகு மார்க்கம் என்ன கேட்கிறது?” என்கிறார்கள் சிலர். மார்க்கம் கேட்கத்தான் செய்கிறது. அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) என்ற ஸஹாபி, மஃரிப் என்னும் இடத்திலுள்ள உப்பளத்தைத் தமக்குத் தரும்படி வேண்டினார். நாயகம் (ஸல்) அவர்களும் கொடுத்துவிட்டார்கள். அவர் திரும்பிப் போகும்போது சபையிலிருந்த ஒருவர், தாங்கள் கொடுத்தது வற்றாத நீரைப் போன்ற ஒன்றல்லவா என்று எடுத்துச் சொன்னார். உடனே அதைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். அல்லாஹ்வின் தூதரே, பொதுமக்களுக்குரியது என்று தெரிந்த மாத்திரத்தில், கொடுத்ததைத் திரும்ப வாங்கினார்கள் என்றால், ஓர் அதிகாரியின் கையெழுத்து எம்மாத்திரம்? தண்ணீரும் புல்லும் நெருப்பும் மக்களுக்குப் பொது என்பது நபிமொழி. மற்றொரு ஹதீஸும் உண்டு. வாதத் திறமையால் ஒருவன் தன் சகோதரனின் ஹக்கைத் தமக்கு முன்னால் தனதாக்கிக் கொண்டால், தாம் அவனுக்கு அளித்தது நரக நெருப்பின் ஒரு துண்டு என்று எச்சரித்தார்கள். தீர்ப்பு கைக்கு வந்ததனால் ஹராம் ஹலாலாகிவிடாது.

இப்போது எதிர்க்கிறவர்களைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் உண்மை பேசியவனாக மாட்டேன். பெரும்பாலும் அவர்களே அதே கழுவெளியின் ஓரத்தில், மண் கொட்டி மேடாக்கிய மனைகளில் குடியிருப்பவர்கள்தானே! “உங்கள் வீடு மட்டும் என்ன, மலை மேலா நிற்கிறது?” என்று எதிர்த்தரப்பு கேட்கும்போது பலர் வாயடைத்துப் போகிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அதற்காக மௌனமாகிவிடலாமா? கப்பலில் ஏற்கெனவே கசிவு இருக்கிறது என்பது இன்னோர் ஓட்டைக்கு அனுமதியாகுமா? இடுப்பளவுத் தண்ணீரில் பெற்ற தாயைத் தூக்கிச் சுமந்தவன் பேசாமல் வேறு யார் பேசுவது? அவன் செய்ய வேண்டியது, தன் பங்கையும் ஒப்புக்கொண்டு பேசுவதுதான். தன் வீட்டு வாசலில் மழைநீர் ஓடும் வாய்க்காலை மூடிக் கட்டிய திண்ணையை முதலில் இடித்துவிட்டு, அதற்குப் பிறகு மனுவில் கையெழுத்திடட்டும். நம் ஜமாஅத்திலேயே அப்படி இடிக்க வேண்டிய திண்ணைகள் எத்தனை இருக்கின்றன என்று நான் விரல் விட்டு எண்ணத் தொடங்கினால் பலருக்குக் கோபம் வரும்!

எதிர்ப்பு என்ற பெயரில் ஏழைகளின் குடிசைகளை மட்டும் காட்டிக் கொடுத்துவிட்டு, மாடமாளிகைகளைக் கண்டும் காணாமல் இருப்பதும் நீதியாகாது. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தாலும் ஏழு பூமியும் கழுத்தில் மாலையாக மாட்டப்படும் என்ற எச்சரிக்கை ஏழைக்கும் செல்வனுக்கும் ஒன்றுதான். ஆனால் ஒதுங்க வேறு இடமில்லாமல் குந்தியவனையும், விற்று லாபம் காண வளைத்தவனையும் ஒரே தராசில் நிறுப்பது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை.

பொதுவான தீங்கைத் தடுப்பதற்காகத் தனியொருவருக்கு வரும் நஷ்டத்தைச் சகிக்க வேண்டும் என்பது ஃபிக்ஹு கலையின் ஒப்புக்கொண்ட விதி. அந்த நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வளைகுடாவில் பதினைந்து ஆண்டுகள் வெயிலில் உழைத்து, பிள்ளை குட்டிகளுக்கு ஒரு கூரை வேண்டுமென்று முன்பணம் கட்டிய சகோதரர் என்ன செய்வார்? அவர் எதையும் மறைக்கவில்லை, அவரிடம்தான் மறைக்கப்பட்டது. குறையை மறைத்து விற்பது மோசடி என்பதால், விற்றவர் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர். இன்னும் வாங்காதவர்களோ வில்லங்கச் சான்றிதழோடு நிற்காமல், கிராமப் பழைய வரைபடத்தில் அந்தச் சர்வே எண் என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்கட்டும். ஒரு மழைக்காலத்தில், கார்த்திகை அடைமழை நாளில், அந்த மனையில் போய் நின்று பார்க்கட்டும்.