எல்லாரும் பாவிகள் என்னும்போது

தாம்பரத்தை அடுத்த செம்பாக்கத்தில் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் வழக்கம் பல சபைகளில் உண்டு. ஒருவர் எழுந்து நிற்கிறார். குடித்துக்கொண்டிருந்தேன், சீட்டாடினேன், கர்த்தர் என்னைத் தூக்கியெடுத்தார் என்கிறார். சபை ஆமென் சொல்கிறது. அதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. குடி நின்ற வீட்டில் பிள்ளைகள் பயமில்லாமல் தூங்குவது சின்ன விஷயமா? ஆனால் சாட்சியில் வராதவை சில இருக்கின்றன. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொண்ட சம்பளம், மகன் கல்யாணத்தில் கேட்டு வாங்கிய வரதட்சணை, சாதியை விசாரித்துவிட்டு இல்லையென்று சொன்ன வாடகை வீடு. இவற்றை அறிக்கையிட்டு யாரும் எழுந்து நிற்பது அபூர்வம். மனிதர் எல்லாரும் பாவிகள், கிருபையினால் மட்டுமே மீட்பு என்ற போதனை மனிதனின் பொறுப்பைக் கூட்டுகிறதா, கரைத்துவிடுகிறதா?

இந்தக் கேள்வியோடு ஒட்டிய பெரிய விவாதம் ஒன்று பக்கத்திலேயே நடந்திருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்த வளாகத்தில் சர்வதேச மிஷனெரி கவுன்சில் கூடியது. அதற்கென்றே ஹாலந்து நாட்டு இறையியலாளர் ஹென்ட்ரிக் கிரேமர் ஒரு பெரிய நூல் எழுதியிருந்தார். மனிதன் கடவுளுக்கு எதிராகத் திரும்பியவன், அவனுடைய மதமுயற்சிகூடத் தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும் முயற்சிதான், மீட்பு கடவுளின் பக்கமிருந்தே வரவேண்டும் என்பது அவர் கட்சி. கிறிஸ்தவ மதத்தையும் அந்தத் தீர்ப்பிலிருந்து அவர் தப்பவிடவில்லை. நீதிபதி பி. செஞ்சையா, வழக்கறிஞர் வி. சக்கரை போன்ற சென்னைச் சிந்தனையாளர்கள் அதே 1938இல் தங்கள் மறுப்பை நூலாக வெளியிட்டார்கள். செஞ்சையாவுக்குக் கிறிஸ்து புதிய படைப்பு. மனிதன் புதிதாக ஆகவேண்டும் என்பதே அவர் அழுத்திச் சொன்னது.

அருளுக்கு மனித முயற்சி தேவையா என்பது தமிழ் மண்ணுக்குப் புதுக் கேள்வியும் அல்ல. வைணவத்தின் இரு பிரிவுகளான வடகலையும் தென்கலையும் தலைமுறை தலைமுறையாக வாதிட்டது அதைத்தானே.

கிரேமரின் பக்கத்தில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. எல்லாரும் பாவிகள் என்றால் பிறப்பால் சுத்தமானவர் என்று ஒருவருமில்லை. சாதிக்கு எதிராக இதைவிடக் கூர்மையான வாதத்தைச் சபைக்குள்ளிருந்து எடுப்பது கடினம். அந்த வாதம் வாயில் இருந்தும் கைக்கு வரவில்லை என்பதுதான் துயரம். தென்தமிழகத்து வடக்கன்குளத்தில் கத்தோலிக்க ஆலயத்துக்குள்ளேயே சாதிக் கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்துச் சுவர் நின்றது. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றவர்கள் ஒரே பலிபீடத்தைப் பார்த்து, ஒரே பூசையில், ஒரே இரக்கத்தை வேண்டினார்கள். 1910இல் சுவர் இடிக்கப்பட்டபோது, தனியிடம் எங்கள் உரிமை என்று சாதிக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பாவி என்று தன்னைச் சொல்லிக்கொள்வது அவர்களுக்குக் கஷ்டமாக இல்லை. இந்தச் சுவர் என் பாவம் என்று சொல்வதுதான் முடியாமல் போயிற்று. பொதுவாகச் சொன்ன அறிக்கைக்குள் குறிப்பான பாவம் ஒளிந்துகொண்டது.

அப்படியானால் குறிப்பான பாவத்தைச் சொல்லி ஈடுசெய்யவேண்டும் என்று தோன்றும். அதற்கு எதிர்வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. இழப்பீடு செய்தால்தான் மன்னிப்பு என்று வைத்தால் கிருபை கூலியாகிவிடும். வசதியுள்ளவன் பாவத்துக்கு விலை கட்டிவிட்டு நிமிர்ந்து நடப்பான். இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளன் எதைத் திருப்பிக் கொடுத்தான்? ஒன்றுமில்லை. அவனுக்கும் பரதீசு கிடைத்தது. உண்மைதான். ஆனால் அவனுக்குக் கைகால் அசைக்க இடமில்லை, நாளும் இல்லை. மாதச் சம்பளமும் சொந்த வீடும் இன்னும் முப்பது வருட வாழ்வும் உள்ளவர் அந்தக் கள்ளனின் இடத்தில் போய் நின்றுகொள்வது நேர்மையல்ல. அவருக்கு ஒப்பு எரிகோவில் வரி வசூலித்த ஆயக்காரன் சகேயு. அவன் வீட்டுக்கு இயேசு நிபந்தனை போட்டுவிட்டு வரவில்லை, தாமாக வந்தார். வந்த பிறகுதான் சகேயு கணக்கை எடுத்தான். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நாலத்தனையாய்த் திரும்ப. கிருபை முந்தியது, கணக்கு பிந்தியது. ஆனாலும் கணக்கு வந்தது. கிருபை அவனுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது என்றுதான் படிக்கவேண்டும். தண்டனைக்குப் பயந்தவன் கணக்கை மறைப்பான். ஏற்றுக்கொள்ளப்பட்டவனால்தான் அதைத் திறந்து காட்ட முடியும்.

தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து முறையில் சமாதானம் பரிமாறும் வழக்கம் உண்டு. குருவானவரிடமிருந்து கைமாறிக் கைமாறி வரிசை வரிசையாகப் போகும். காணிக்கை படைக்குமுன் மனஸ்தாபமுள்ள சகோதரனிடம் போய் ஒப்புரவாகச் சொன்ன மலைப்பிரசங்கத்தின் கட்டளை அதற்குப் பின்னால் இருக்கிறது. நடைமுறையில் கை பக்கத்து இருக்கையோடு நின்றுவிடுகிறது. சம்பளம் பிடிக்கப்பட்ட பெண் பெரும்பாலும் அந்த வரிசையில் இல்லை. அவர் வேறு சபையில் இருக்கலாம், கோயிலுக்குப் போகிறவராக இருக்கலாம், அந்த ஞாயிறும் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கலாம்.

அவருடைய இடத்திலிருந்து மன்னிக்கக் கடவுளுக்கும் உரிமை உண்டா என்பது இறையியலாளர்கள் தீர்க்கட்டும். சபைக்கு அந்த உரிமை இல்லை என்பது மட்டும் உறுதி. உனக்கும் பாவமுண்டு, ஆகவே நீயும் மன்னித்துவிடு என்று பாதிக்கப்பட்டவரை நெருக்குவது, எல்லாரும் பாவிகள் என்ற போதனையைத் தப்பான கையில் கொடுப்பது. மன்னிப்பை அவரிடம் கேட்கலாம், வற்புறுத்தக் கூடாது. அவர் மறுத்துவிட்டாலும் பிடித்த சம்பளத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வரவேண்டும்.