கைமாறினாலும் நீங்காத வினை



பழனி மலையடிவாரத்து ஐவர்மலையில், கி.பி. 870-ஆம் ஆண்டு சாந்திவீரக் குரவர், பார்சுவ பட்டாரரின் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்த செய்தியைக் கல்வெட்டு கூறுகின்றது. கொல்லாமை நோற்றோர் வாழ்ந்த அம்மலைத் தொடரிலேதான் கொடைக்கானலும் உள்ளது. ஆங்கே காட்டெருதும் காட்டுப்பன்றியும் விளைநிலம் புகுவதும், உழவர் கலங்குவதும் இன்றும் காணும் காட்சிகள். பயிர்க்காவலுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்கச் சட்டத்தில் இடமுண்டு. அவ்வாறு தந்தை வைத்திருந்த துப்பாக்கி மகனிடம் வந்து சேருமாயின், "விற்றுவிட்டால் பிறகு அது வாங்கியவர் பாடு" என்று எண்ணத் தோன்றும். இவ்வெண்ணம் தகுமா?

நாட்டின் சட்டமே தகாது என்கின்றது. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி, உரிமம் இல்லாத வாரிசு அதனைக் காலந்தாழ்த்தாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்தல் வேண்டும். உரிமம் உடையவர் தம் துப்பாக்கியை விற்க விரும்பினால், வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்திற்கோ எழுத்து மூலம் தெரிவித்து, 45 நாட்கள் கழிந்த பின்னரே விற்கலாம். வாங்குபவர் தகுதியுடையவரா என்று அறியாமல் கொடுப்பதும் குற்றமாகும்.

சட்டம், "யாரிடம் கொடுத்தாய்?" என்று வினவும். அறமோ, "எதைக் கொடுத்தாய்?" என்று வினவும். அனர்த்த தண்டம் ஐந்தனுள் ஒன்று ஹிம்சாதானம். அதாவது, கொலைக் கருவிகளைப் பிறர்க்கு அளித்தல். வாள், தீ, நஞ்சு முதலியவற்றை இதன்பாற்படுத்தினார் சமந்தபத்திர ஆசாரியர். வினை வரவின் வேறுபாட்டிற்கு அறிந்து செய்தலையும், அறியாது செய்தலையும், பற்றுக்கோடாகிய கருவியையும் காரணமாகத் தத்துவார்த்த சூத்திரம் காட்டுகின்றது. துப்பாக்கியின் பயன் யாதென அறியாதார் உளரோ?

"விலை கிடைக்கின்றதே! பயனற்ற செயல் என்பது எங்ஙனம்?" என்று சிலர் கேட்கலாம். அன்பர்காள்! அவ்விலையின்றி நம் குடும்பம் வாடுமாயின் அது வேறு. பழைய துப்பாக்கி ஒன்றின் விலையால் எக்குடியும் உயர்ந்ததில்லை. ஆனால் அதன் ஒரு குண்டினால் ஓர் உயிர் போகும். அது காட்டெருதாகவும் இருக்கலாம், கன்றை ஈன்ற கடமானாகவும் இருக்கலாம், மனிதராகவும் இருக்கலாம். அந்நாளில் பத்திரம் நம்மைச் சட்டத்தினின்று காக்கும், வினையினின்று காவாது.

ஆதலின், இல்லத்தில் அத்தகைய கருவி இருப்பின், விலை பேசாது முறைப்படி அரசிடம் ஒப்படைத்து, சான்றும் பெற்றுக்கொள்க. சிறுபொருளை இழப்பதாயினும், அவ்விழப்பே அபயதானமாகும்.