கறுப்பு நாடாவும் கணிமைச் சிந்தனையும்

சிக்கலான வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்து, பொதுவான ஒழுங்கைக் கண்டு, தேவையற்றதை ஒதுக்கி, படிப்படியான செய்முறையாக வகுப்பதே கணிமைச் சிந்தனை. சீமோர் பாப்பர்ட் 1980இல் தம் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலில் இச்சொல்லைக் கையாண்டார். இது எல்லோருக்கும் வேண்டிய திறன் என்று 2006இல் ஜெனெட் விங் எழுதிய கட்டுரை வலியுறுத்தியது.

கல்லூரி மாணவருக்கு இதைக் கைப்பழக்கமாக்க ரோபோ சிறந்த வழி. தரையில் ஒட்டிய கறுப்பு நாடாவைப் பின்தொடரும் சிறு வண்டியில், நாடாவின் இருபுறமும் அமையும்படி இரண்டு அகச்சிவப்பு சென்சார்கள் இருக்கும். வெள்ளைத் தரை கதிரைத் திருப்பி அனுப்பும், கறுப்பு உறிஞ்சிக்கொள்ளும். இடது சென்சார் கறுப்பைக் கண்டால் இடப்புறம் திரும்ப வேண்டும். வலது கண்டால் வலப்புறம். இரண்டும் வெள்ளை என்றால் நேரே.

விதிகள் மூன்றே. ஆனால் திரையில் சரியாகத் தெரிந்த நிரல் தரையில் தடுமாறும். ஜன்னல் வெயிலிலுள்ள அகச்சிவப்புக் கதிர் சென்சாரைக் குழப்பும். பேட்டரி இறங்கினால் மோட்டாரின் வேகம் குறையும். சென்சாரின் அளவைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி ஓடவிட்டால்தான் காரணம் பிடிபடும்.

மும்பை ஐஐடியின் இ-யந்த்ரா திட்டம் பொறியியல் கல்லூரிகளில் ரோபோ ஆய்வகங்களையும் போட்டிகளையும் இப்படிச் செய்து கற்கும் நோக்கில் வளர்த்துவருகிறது. இவ்வகைக் கற்றலில் ஆசிரியர் விடையைச் சொல்லிவிடக் கூடாது. அடுத்து எதைச் சோதிக்கலாம் என்று கேட்க வேண்டும். பிழையைத் தானே தேடித் திருத்திய மாணவருக்கே கணிமைச் சிந்தனை சொந்தமாகிறது.