தன்னையே குத்தும் கேள்வி

1989 அக்டோபர் 17 அன்று கலிஃபோர்னியாவை லோமா பிரியேட்டா நிலநடுக்கம் உலுக்கியது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா, ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம், மனம் சோர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு வினாத்தாளில் கேட்டுப் பதில் வாங்கியிருந்தார். நடுக்கத்துக்குப் பிறகு 10 நாளிலும், 7 வாரத்திலும் அவர்களை மறுபடி விசாரித்தார். சோர்வையே நினைத்து நினைத்து உழலும் பழக்கம் முன்பே இருந்தவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. ஏற்கெனவே இருந்த சோர்வைக் கழித்துப் பார்த்தபோதும் அதுவே உண்மை.

இந்த உழலல் வெளிப்பார்வைக்குத் தெரிவதில்லை. அண்ணன் வீட்டு விசேஷத்தில் தன்னை மட்டும் போட்டோவுக்குக் கூப்பிடவில்லை என்று ஒரு பெண்ணுக்கு வருத்தம். இரவு பாத்திரம் கழுவுகிறாள். "ஏன் கூப்பிடல? நான் என்ன குறைச்சல்? எனக்கு மட்டும் ஏன் இப்படி?" கழுவி வைத்த தட்டையே எடுத்து மறுபடி தேய்க்கிறாள். ஆராய்வதாகத்தான் அவள் நம்புகிறாள். ஆனால் அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட பதிலைத் தேடவில்லை.

அவளுக்குக் கோபம் அண்ணன்மேல். சொன்னால் உறவு முறிந்துவிடுமோ என்று பயம். அதனால் கோபம் திரும்பி, "நான்தான் எதுக்கும் லாயக்கில்லாதவ" என்று அவள்மேலேயே பாய்கிறது. வலியிலிருந்து தப்ப மனம் கையாளும் தற்காப்புகளை 1936-இல் தொகுத்து எழுதிய அன்னா ஃபிராய்டு, தன்மீதே திருப்பிக்கொள்வதையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்தார். உறவைக் காப்பாற்றப் போட்ட வேலி அவளையே உள்ளே அடைத்துவிடுகிறது. உழலும் எண்ணம் அந்த வேலியை இரவுதோறும் உயர்த்துகிறது. இதைச் சோம்பல் என்றும் பலவீனம் என்றும் சொல்பவர்கள்மேல் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

தற்காப்பே கூடாது என்பதில்லை. ஹார்வர்டு மாணவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வை நடத்திய ஜார்ஜ் வேலண்ட், முதிர்ந்த தற்காப்புகள் என்று சிலவற்றைப் பிரித்துக் காட்டினார். நகைச்சுவை, பிறருக்கு உதவுவது, வருத்தத்தை அறிந்தே தள்ளிவைத்து உரிய நேரத்தில் எடுப்பது ஆகியவை அவற்றில் சில. "நாளைக்கு அண்ணன்கிட்ட பேசறேன்" என்று முடிவுசெய்து, மறுநாள் பேசியும் விடுவது கடைசி வகை.

எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் எட்வர்டு வாட்கின்ஸ் வளர்த்த சிகிச்சை, கேள்வியையே மாற்றப் பழக்குகிறது. "எனக்கு ஏன் இப்படி?" என்பதை விட்டு, "அங்கே என்ன நடந்தது? அடுத்து நான் எப்படிச் செய்வேன்?" என்று கேட்கச் சொல்கிறது. தனியாகச் செய்ய முடியாதபோது துணை தேவை. தூக்கம், பசி, வேலை எல்லாம் குலைந்து இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. அன்றே, அந்த நேரமே பேச வேண்டும்.