வாதாபியில் வெந்தவர் எவர்?

வாள் மின்னுகிறது, வேல் பாய்கிறது, வெற்றி முரசு முழங்குகிறது. மாடத்தில் ஒரு மங்கை விழி பூத்து நிற்கிறாள். புரவி ஏறி ஒரு வீரன் புழுதி கிளப்பி வருகிறான். இடையே ஓர் ஒற்றன், ஓர் ஓலை, ஒரு சுரங்க வழி. 'தொடரும்' என்ற சொல்லைக் கண்டதும் பெருமூச்செறிந்து, அடுத்த கிழமை எப்போது வரும் என்று விரல்விட்டு எண்ணியது வாசகர் கூட்டம். காதலும் வீரமும் கலந்த வரலாற்றுப் புதினம் தமிழர் இல்லங்களில் இடம் பிடித்தது இப்படித்தான்.

பிடித்த இடம் சிறிதன்று. பாடநூல் தராத ஆர்வத்தை அந்தக் கதைகள் தந்தன. மாமல்லபுரத்துப் பாறைகளைக் காணச் சென்ற இளைஞர் பலர் கையில் வரலாற்று நூல் இருந்ததில்லை. நெஞ்சில் கதை இருந்தது. நானும் அப்படிச் சென்றவனே. ஆகவே, இக்கதைகளை எள்ளி நகையாட எழுதுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டா. விரும்பிப் படித்தவன் என்ற உரிமையோடு ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தக் கேள்வியும் என்னுடையதன்று. என் மாணவி ஒருத்தி எனக்குத் தந்தது.

வகுப்பில் பல்லவர் வரலாறு நடத்திக் கொண்டிருந்தேன். சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி பல்லவ நாட்டின்மீது படையெடுத்ததையும், 642இல் நரசிம்மவர்மனின் படை வாதாபியை வீழ்த்தியதையும், 'வாதாபி கொண்டவன்' என்று அம்மன்னன் பெயர் பெற்றதையும் உணர்ச்சி பொங்க விளக்கினேன். பிள்ளைகளின் முகங்கள் மலர்ந்தன. கதையைப் படித்திருந்த ஒருவன், "சிவகாமியின் சபதம் நிறைவேறியது! வாதாபி எரிந்தது!" என்று கூவினான். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"ஐயா, வாதாபியில் எரிந்தவர்கள் யார்?"

"பகைவர்கள்" என்றேன்.

"பகை அரசனோடுதானே? ஊரில் இருந்தவர்களோடுமா?"

மணி அடித்தது, நான் தப்பினேன். கேள்வி என்னைத் தப்பவிடவில்லை. ஒருவர் காதலுக்காக, ஒருவர் மானத்துக்காக, பெயரறியாத ஆயிரமாயிரம் பேர் மாளலாமா? மாண்டதை எழிற்காட்சியாக்கி, வீரம் என்று அதற்குப் பெயருமிட்டு, நாம் மகிழலாமா? இதுவே அந்தச் சிறுமியின் வினாவுக்குள் ஒளிந்திருந்த பெருவினா.

கல்கி எழுதிய 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை அவருடைய இதழில் தொடர்கதையாக வந்தது. புலிகேசியும் நரசிம்மவர்மனும் பரஞ்சோதியும் வரலாற்று மாந்தர். சிற்பி ஆயனரும் அவர் மகள், ஆடலரசி சிவகாமியும் கற்பனையில் பிறந்தவர்கள். கற்பனை குற்றமன்று. கற்பனை எவர் பக்கம் நிற்கிறது என்பதே நாம் காண வேண்டியது.

அக்கதையில் இரண்டு செயல்களைச் செய்கிறாள் சிவகாமி. சிறைப்பிடிக்கப்பட்டு வாதாபிக்குக் கொண்டு செல்லப்படுகிறாள். அங்கே நாற்சந்தியில், அவளைப் போலவே சிறைப்பட்டு வந்த தமிழ் மக்களைச் சவுக்கால் அடிக்கிறார்கள். அடி நிற்க வேண்டுமானால் அவள் ஆட வேண்டும். அரசவையில் ஆடிப் புகழ் கொண்டவள், பகைவர் தெருவில், நகைப்போர் நடுவில் ஆடுகிறாள். எவருக்காக? காதலனுக்காகவா? அல்ல. முன்பின் அறியாத ஏழை எளியோர் முதுகில் சவுக்கு விழக் கூடாது என்பதற்காக! தோழர்களே, தன் மானத்தையே விலையாகக் கொடுத்துப் பிறர் உடலைக் காத்த அந்தப் பொழுதில் காதலுமுண்டு, வீரமுமுண்டு.

அடுத்தது சபதம். வாதாபி எரிந்து சாம்பலாகும்வரை இந்நகரைவிட்டு வரமாட்டேன் என்று சூளுரைக்கிறாள். காதலன் மாறுவேடத்தில் வந்து அழைத்தபோதும், சபதத்தைச் சொல்லி வர மறுக்கிறாள். ஒன்பது ஆண்டுகள் ஓடுகின்றன. படை வருகிறது. வாதாபி எரிகிறது. முதற்செயலில் ஊரார் துயரைத் தன்மேல் ஏற்றுக்கொண்டவள், இரண்டாம் செயலில் தன் துயரை ஓர் ஊரின்மேல் ஏற்றுகிறாள். ஒரே பெண், ஒரே நெஞ்சு. ஆனால் நூலுக்குப் பெயர் தந்தது எந்தச் செயல்? ஆட்டமன்று, சபதம்! நாமும் கைதட்டியது சபதத்துக்கே. அங்கேதான் நம் நெஞ்சை நாம் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தத் தொடர் வெளிவந்து கொண்டிருந்த காலம் எது? 1945 ஆகஸ்டு 6இல் ஹிரோஷிமாவும் 9இல் நாகசாகியும் அணுகுண்டால் எரிந்த காலம். போர்முனையில் நின்றவரைவிட, அடுப்படியில் நின்ற தாயரும் பள்ளிக்குப் புறப்பட்ட சிறாருமே அங்கே மிகுதியாக வெந்தனர். அந்தச் செய்தியைப் படித்து நெஞ்சு நடுங்கிய அதே வாசகன், வாதாபி எப்போது எரியும் என்று கிழமைதோறும் காத்திருந்தான். இன்றைய தீ கொடுமை, பழைய தீ பெருமையா? ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழிந்தால் வெந்த உடலின் வேதனை காவியமாகி விடுமோ?

"பகைவன் வந்து தாக்கினானே! திருப்பித் தாக்குவது அறமன்றோ?" என்பர் சிலர். காஞ்சியைக் காத்து நின்ற வீரத்தை நாம் குறை கூறவில்லை. வீட்டுக்குள் புகுந்தவனைத் தடுப்பது கடமை. ஆனால் ஆண்டுகள் கழித்து அவன் ஊருக்குச் சென்று, அவனுக்கு வரி கட்டிய குற்றத்துக்காகக் குயவனின் குடிசையையும் கொளுத்துவது எந்த அறம்? காத்தல் ஒன்று, கருவறுத்தல் வேறொன்று. இரண்டையும் வீரம் என்னும் ஒரே சொல்லுக்குள் திணிப்பதுதான் கதையின் மயக்கு.

போரின் கொடுமையைக் கதையாசிரியர் உணராதவர் என்று நான் கூறமாட்டேன். உணர்ந்ததனால்தான், படை நடத்திய பரஞ்சோதி வாளைத் துறந்து தொண்டராகிறார்; சிவகாமி ஏகாம்பரநாதரையே கணவனாக வரித்துக் கோயிலில் ஆடுகிறாள். நன்று! ஆனால், கொளுத்தியவரின் உள்ளம் அமைதி பெற்ற கதையன்றோ இது? கொளுத்தப்பட்டவருக்கு என்ன கிடைத்தது? கடன் வாங்கியது ஒருவரிடம். கணக்குத் தீர்த்தது கோயிலிடம். மனிதனுக்கு இழைத்த தீங்கை ஆண்டவன் காலடியில் அழுது கழுவிவிடலாம் என்ற பழைய ஏற்பாட்டைப் பகுத்தறிவு எப்படி ஏற்கும்?

ஆடல்மகள் ஆண்டவனை மணப்பது கதையில் கண்ணீர் வரவழைக்கும் முடிவாக இருக்கலாம். நாட்டில் அதன் பெயர் பொட்டுக்கட்டு. அந்த இழிவை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி சட்டமன்றத்தில் வாதாடினார். அந்தக் கொடுமையில் உழன்று மீண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், 1936இலேயே 'தாசிகள் மோசவலை' என்ற புதினம் எழுதி அதன் முகமூடியைக் கிழித்தார். சிவகாமியின் கதை முடிந்த மறு ஆண்டு, 1947இல், சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் தடை செய்தது. கதை பக்திப் பெருக்கில் முடித்த இடத்தில்தான் சட்டம் தன் வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது.

வாதாபி எரிந்ததன் பின்கதையையும் நாம் மறத்தலாகாது. புலிகேசியின் மகன் விக்கிரமாதித்தன் காஞ்சியைத் தாக்கினான். பழிக்குப் பழி, பரம்பரைச் சொத்தானது. ஆனால் எட்டாம் நூற்றாண்டில் அவன் வழிவந்த இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் புகுந்தபோது, நகரை அழிக்கவில்லை என்கின்றன செப்பேடுகள். கைலாசநாதர் கோயில் தூணொன்றில் உள்ள கன்னடக் கல்வெட்டு, அக்கோயிலின் செல்வத்தை அவன் கவராமல் திருப்பியளித்ததைக் கூறுகிறது. மன்னர் புகழை மன்னரே பொறிப்பது வழக்கம் என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும், "எரித்தேன்" என்று பெருமை பேசிய காலத்தில், "எரிக்காமல் விட்டேன்" என்பதையும் பெருமையாகக் கருதிய ஒருவன் இருந்தானன்றோ! கையில் தீப்பந்தம் இருந்தும் கொளுத்தாத அந்த நெஞ்சத்தில் எத்தனை போராட்டம் நடந்திருக்கும்! வஞ்சம் தீர்த்த மன்னனைத் தேடி ஓடிய பேனாக்கள், வஞ்சத்தை விழுங்கிய மன்னனைத் தேடி ஓட வேண்டாமா?

போர்க்காலக் காதலை வேறு வகையாகவும் எழுத முடியும். ருசிய நாட்டு டால்ஸ்டாய், 1869இல் முடித்த 'போரும் அமைதியும்' என்ற பெருங்கதையில் எழுதிக் காட்டினார். 1812இல் நெப்போலியன் படை மாஸ்கோவை நெருங்குகிறது. போரடினோ களத்தில் ஒரே நாளில் இரு தரப்பிலும் ஏறத்தாழ 70,000 பேர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். காயமுற்றோர் மாஸ்கோவில் கிடக்கின்றனர். செல்வர்கள் தட்டுமுட்டுகளை வண்டிகளில் ஏற்றி ஊரைவிட்டு ஓடுகின்றனர். நட்டாஷா என்னும் இளம்பெண்ணின் வீட்டு வண்டிகளிலும் விரிப்புகளும் பாத்திரங்களும் நிறைந்துள்ளன. அவள் சீறி எழுகிறாள். பண்டங்களை இறக்கிவிட்டுக் காயமுற்றோரை ஏற்றச் செய்கிறாள். அவளுடைய பழைய காதலன் ஆண்ட்ரேயும் காயமுற்று அதே வண்டித் தொடரில் கிடக்கிறான் என்பது, வண்டிகளைக் கொடுத்த பொழுதில் அவளுக்குத் தெரியாது.

தெரியாது என்பதில்தான் சிறப்பு இருக்கிறது! தெரிந்து கொடுத்திருந்தால் அது காதலனுக்குக் கொடுத்த பரிசு. தெரியாமல் கொடுத்ததால் அது மனிதனுக்குக் கொடுத்த வண்டி. அதே கதையில் துஷின் என்றொரு பீரங்கிப் படைத்தலைவன் வருகிறான். கூச்ச சுபாவம் கொண்ட சிறிய மனிதன். படை பின்வாங்கும்போது தன் சில பீரங்கிகளோடு நின்று எல்லாரையும் காக்கிறான். பிறகு, பீரங்கியை விட்டு வந்தாயே என்று மேலதிகாரி அதட்டும்போது விடை சொல்லத் தெரியாமல் விழிக்கிறான். கிரிமியப் போரில் தாமே பீரங்கிப் படையில் பணியாற்றியவர் டால்ஸ்டாய். வீரத்துக்கு எப்போதும் விரிந்த மார்பும் முறுக்கு மீசையும் இருப்பதில்லை என்பதை அவர் கண்டிருந்தார்.

இதற்கு ருசியா வரை போக வேண்டுமா? நம்மிடமே உண்டு. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகள் கொண்டது. பிரிவால் வாடும் அரசி அரண்மனையில், அரசன் பாசறையில். காதலும் போரும் கலந்த பாட்டு. அப்பாட்டு எங்கே முடிகிறது? வெட்டிக் குவித்த களத்திலன்று. வாடைக்காற்றில் மழைத்துளி தூறும் நள்ளிரவில், உறங்காத வேந்தன் சிலரோடு நடந்து, காயமுற்ற வீரர்களைக் கண்டு வருகிறான். அங்கே முடிகிறது!

புறநானூற்றிலிருந்து நாம் மேடைதோறும் எடுத்து முழங்குவது எதை? தந்தையையும் கணவனையும் களத்தில் இழந்த பின்னும், ஒரே மகனையும் போருக்கு அனுப்பிய தாயை. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அப்பாட்டைக் கேட்டு நானும் கைதட்டியவன். ஆனால் அதே தொகையில் கோவூர் கிழார் நிற்கிறார். நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் நடுவே சென்று, இருவரில் எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று இடித்துரைக்கிறார். யானைக்காலில் இடறக் கொண்டுவந்த மலையமானின் பிள்ளைகளுக்காக வாதாடுகிறார். கையில் வாளில்லை, எதிரே வாளேந்திய மன்னன். அதைவிட வீரம் எது? அவரை ஏன் அத்தனை உரக்க முழங்கவில்லை நாம்? கதையாசிரியரைக் கேட்ட கேள்வியை நம் மேடையையும் நாம் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். இல்லையேல் பகுத்தறிவு என்பது அடுத்தவர் வீட்டை மட்டும் பெருக்கும் துடைப்பமாகிவிடும்.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவியிடம், "வாதாபியில் எரிந்தவர்கள் நெய்தவர்கள், வனைந்தவர்கள், கல் சுமந்தவர்கள், தாலாட்டுப் பாடியவர்கள்" என்றேன்.

"அவர்கள் பெயர் என்ன ஐயா?"

"எவரும் எழுதி வைக்கவில்லை அம்மா."

"கதையிலாவது எழுதியிருக்கலாமே" என்றாள்.

இளந்தோழர்களே! மன்னன் பெயர் கல்லில் இருக்கிறது. அதை வரலாற்றாசிரியர் படித்துச் சொல்வார். கல்லில் இல்லாதவர்களுக்குக் குரல் தரத்தானே கற்பனை இருக்கிறது? அந்தக் கற்பனையும் அரண்மனை வாயிலிலேயே காவல் நின்றால், அவர்களுக்கு வேறு புகலிடம் ஏது? போர்க்கதைகளைப் படியுங்கள், காதலில் கரையுங்கள், வீரத்தில் நிமிருங்கள். ஆனால் நகரம் எரியும் பக்கம் வரும்போது, புரட்டும் விரலைச் சற்றே நிறுத்தி, அந்தச் சிறுமி கேட்டதைக் கேளுங்கள். உங்களில் எழுத வல்லவர் இருந்தால், அவள் கேட்ட கதையை எழுதுங்கள்.